தூயமல்லி என்ற இரவு

இரவுகளுக்கு நெல்லின் பெயர் வைக்கலாம் என்ற யோசனை சுடர்விழியுடையது. தஞ்சாவூரில் அவள் ஆராய்ச்சி செய்யும் வானியல் துறைக்கு, வானத்தைப் பதிவு செய்த அந்த இரவுகள் வெறும் குறியெண்களாகத்தான் வந்து சேர்ந்தன. எந்த மாதம், எந்தத் தேதி என்பது வேலை செய்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளைப் போல அவை கணினியில் வரிசையாகக் கிடந்ததைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. பெயராவது இருக்கட்டுமே என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று சூட்டினாள். காட்டுயானம், பூங்கார், சீரகச்சம்பா, குள்ளக்கார், கருடன் சம்பா, தூயமல்லி. துறையில் முதலில் சிரித்தவர்கள் பிறகு அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். குடவாசல் பக்கத்துக் கிராமத்தில் குத்தகைக்கு நெல் போடும் அவளுடைய அப்பா வைரக்கண்ணுவுக்குக்கூட அந்தப் பெயர்கள் பழகிவிட்டன. "நாங்க விதைக்காம விட்டதையெல்லாம் நீ மேல கொண்டுபோயி விதைச்சிருக்கே," என்பார்.

மேலே என்று அவர் சொன்ன இடம் அட்லாண்டிக் கடலில் ஒரு எரிமலைத் தீவின் உச்சி. அங்கே வீட்டை விடப் பெரிய கண்ணாடிகளை வானத்துக்குக் காட்டி வைத்திருக்கிறார்கள். எண்ணிப் பார்க்க முடியாத தூரத்தில் ஏதோ ஒரு விண்மீன் கூட்டத்தின் நடுவிலிருந்து கிளம்பி வரும் காமா கதிர் பூமியின் தரையைத் தொடுவதில்லை. மேலேயே காற்றில் மோதி உடைந்து போகிறது. உடையும்போது கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குக்கு ஒரு நீல வெளிச்சம் எழும். கண்ணாடிகள் பிடிப்பது அந்த வெளிச்சத்தை. வெளிச்சம் எவ்வளவு என்பதை வைத்து, வந்த கதிருக்கு எவ்வளவு வலு என்று கணக்கிடுகிறார்கள்.

இடைஞ்சல் செய்வது காற்றுதான். ஆப்பிரிக்கப் பாலைவனத்தின் புழுதி சில நாட்களில் கடல் தாண்டி அந்தத் தீவின்மேல் வந்து கவிந்துகொள்ளும். அப்போது வெளிச்சம் மங்கும். வலுவான கதிர்கூட நோஞ்சானாகத் தெரியும். மார்கழிப் பனியில் எதிரே வரும் லாரியின் விளக்கு சைக்கிள் விளக்குப் போலத் தெரிவதில்லையா, அது மாதிரி. வருவது லாரிதான் என்று சொல்ல வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் பனி எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வதுதான் சுடர்விழியின் வேலை. கண்ணாடிகளுக்குப் பக்கத்திலிருந்து வானத்தை நோக்கி லேசர் அடிப்பார்கள். புழுதியில் பட்டுத் திரும்பி வரும் துளி வெளிச்சத்தை வைத்து, எந்த உயரத்தில் எவ்வளவு புழுதி என்று அவள் கண்டுபிடித்து, ஒவ்வொரு இரவுக்கும் ஒரு திருத்தம் தருவாள். மங்கிய வெளிச்சத்தோடு அந்தத் திருத்தத்தின் பங்கைக் கூட்டினால் உண்மையான வலு கிடைக்கும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இதில்தான் மனுஷ மனசு விளையாடும். எந்த இரவில் பெரிய கதிர் வந்தது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அந்த இரவுக்குக் கை தானாகவே தாராளமாக அள்ளிப் போடும். அதனால் அவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். தேதிகளை மறைத்தார்கள். கதிர்களின் விவரம் எல்லாம் ஒரு பூட்டிய பெட்டியில் இருந்தது. பெட்டி என்பது பேச்சுக்குத்தான். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஒரு கோப்பு அது. கடவுச்சொல் துறைத் தலைவர் பிரகதாம்பாள் மேடம் ஒருவரிடம் மட்டும் இருந்தது. சுடர்விழி எல்லா இரவுகளுக்கும் திருத்தத்தை முடித்து, இனி மாற்ற மாட்டேன் என்று பல நாட்டு விஞ்ஞானிகள் கூடும் கூட்டத்தில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பெட்டி திறக்கும்.

அந்தக் கூட்டத்தைத் தை கடைசியில் ஒரு திங்கட்கிழமைக்குக் குறித்திருந்தார்கள். இரண்டு வருட உழைப்பு அன்றைக்கு ஒரு வார்த்தையில் முடியும். போன வருட ஆரம்பத்தில் ஒரு விண்மீன் கூட்டம் திடீரென்று பொங்கியது என்று செயற்கைக்கோள்கள் சொல்லியிருந்தன. அவ்வளவு தூரத்திலிருந்து இதுவரை யாரும் பார்க்காத வலுவுள்ள கதிர் அந்தப் பெட்டிக்குள் இருக்கலாம். இருந்தால், அதைத் தூக்கி நிறுத்துவது சுடர்விழியின் திருத்தமாக இருக்கும். அவளுடைய முனைவர் பட்டமும் அதில்தான் இருந்தது. பட்டத்தை விடவும் பெரிதாக ஒன்று இருந்தது அவளுக்கு. அது தன் கண்ணால் பார்க்காமல், தன் கையால் சரியாகச் செய்த ஒரு எண்ணாக இருக்கும் என்ற நினைப்பு. பஸ்ஸில் போகும்போது அந்த நினைப்பை அவள் வாயில் போட்ட கற்கண்டு போல அடக்கி வைத்துக்கொண்டிருப்பாள்.

அவளை இந்த வேலைக்குள் கொண்டுவந்தவன் இளஞ்செழியன். திருவையாற்றுப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். அதே துறையில் அவளுக்கு முன்னால் பட்டம் வாங்கி, ஒப்பந்த வேலையில் இருந்தான். அவள் முதன்முதலில் வந்து ஆங்கிலத்தில் வாய் திறக்கப் பயந்து உட்கார்ந்திருந்தபோது, அவளுடைய கணக்கை எடுத்துப் போய் மேடத்திடம் காட்டி, இதை என்னால் போட முடியாது, இந்தப் பெண் போட்டிருக்கிறாள் என்று சொன்னவன். அவள் அவனை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். அவள் வீட்டுக்கு வந்தால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் அம்மா காளியம்மாள் போடுகிற சோற்றை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். வைரக்கண்ணுவின் அப்பா காலத்தில் அவன் மாதிரி வீட்டு ஆட்கள் அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. அதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவன் அப்பா, அம்மா என்று அவர்களைக் கூப்பிடும்போது காளியம்மாளின் முகம் ஒரு சுற்று பெரிதாகும்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாமலும் அவன் பைக்கில் வந்து நின்றான். கும்பகோணத்தில் அத்தை வீட்டில் தங்கியிருந்ததாகவும், அம்மா கைக் காபி ஞாபகம் வந்துவிட்டதாகவும் சொன்னான். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு சுடர்விழியோடு வரப்புவரை நடந்தான். பயிர் பால் பிடித்து நின்ற வயலின்மேல் பனி கட்டிலில் விரித்த வெள்ளைத் துணி போலக் கிடந்தது. வைரக்கண்ணு தண்ணீர் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தார்.

"உங்கப்பாவுக்குக் காலு இருக்கா சுடர்?" என்றான்.

அவள் சிரித்தாள். இல்லை என்றாள்.

"தென்னை மட்டை தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுதுண்ணே."

"அப்ப இங்கேருந்து மேல பாக்குறவன் வானம் சுத்தம்னுதான சொல்லுவான். லேசருக்கும் அதே கதைதான். தன் மூக்குக்கிட்ட இருக்கிறது அதுக்குத் தெரியாது. கீழ் அடுக்குல புழுதி இப்படிப் படிஞ்சு கிடந்தா, நீ போட்டிருக்கிற திருத்தம் கம்மி."

அது உண்மைதான். லேசர் தனக்கு மிக அருகில் உள்ள காற்றைச் சரியாகப் பார்க்காது. அந்தக் கீழ்ப்பகுதியில் புழுதி மேலே உள்ளது போலவே இருக்கும் என்று அவள் அனுமானித்திருந்தாள். எல்லோரும் செய்வது அதுதான். ஆனால் கண்முன்னே அப்பாவின் கால்கள் காணாமல் போயிருக்கும்போது அந்த அனுமானம் அவளுக்குச் சின்னப்பிள்ளைத்தனமாகப் பட்டது. அவன் காபியை முடித்துவிட்டு, கருடன் சம்பா, குள்ளக்கார், தூயமல்லி மூன்றையும் மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிடு, வேறு எதையும் தொட வேண்டாம் என்றான். அந்த மூன்று இரவிலும் கண்ணாடியின் வெளிச்சத்தைப் பதியும் கேமராவின் ஒரு பகுதி வேலை செய்யவில்லை, லேசரைத் தவிர வேறு சாட்சி கிடையாது, அதனால்தான் என்று காரணமும் சொன்னான்.

அவள் பார்த்தாள். ஒரு வாரம் அதிலேயே கிடந்தாள். கீழ் அடுக்கில் புழுதியைக் கூட்டினால் கணக்கு முன்பை விட நன்றாகவே பொருந்துவது போல இருந்தது. மூன்று இரவுகளின் திருத்தமும் பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குக்கு ஏறியது. தன் ஊர்ப் பனியிலிருந்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அம்மாவிடம்கூடச் சொன்னாள்.

தை கடைசியில் அவர்கள் வயலில் அறுவடை. கூட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை. அறுவடை மெஷினுக்கு வாரக்கணக்கில் சொல்லி வைத்து அன்றைக்குத்தான் முறை வந்திருந்தது. இளஞ்செழியனும் வந்தான். மெஷின் ஒரு பக்கம் இரைந்துகொண்டிருக்க, மதியம் வீட்டுக் கூடத்தில் அவனையும் வைரக்கண்ணுவையும் உட்கார வைத்துக் காளியம்மாள் சோறு போட்டாள். பேச்சு போன வருட அறுவடைக்குப் போயிற்று. அந்த வருடம் தையில் காலம் தப்பிப் பெய்த மழையில் பயிர் சாய்ந்து, மெஷின் சேற்றில் இறங்கி, டிராக்டரைக் கட்டி இழுத்தும் வராமல் பொழுது சாய்ந்துவிட்டது.

"தம்பி வந்த அன்னிக்குத்தானே மாட்டுச்சு," என்றார் வைரக்கண்ணு. "பேண்ட்ட மடிச்சு விட்டுக்கிட்டு தம்பியும்ல இறங்குனாப்ல."

"மறக்க முடியுமாப்பா?" என்றான் இளஞ்செழியன். "அன்னிக்கு ராத்திரிதான் நம்ம தூயமல்லி. இங்க நாம சேத்துல நின்னு கயிறு இழுக்குறோம், அங்க மேல பத்தி எரிஞ்சிருக்கு."

சொல்லிவிட்டு ரசம் கேட்டான். வைரக்கண்ணு அப்படியா என்று தலையை ஆட்டினார். அவருக்கு அது ஒரு கதை. மோர்ச் செம்போடு நின்றிருந்த சுடர்விழிக்குக் கை மட்டும் அப்படியே நின்றது. தூயமல்லி எந்தத் தேதி என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியக் கூடாது. தெரிவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது, அந்தப் பூட்டிய பெட்டி. அந்த வழியில் போனவனுக்குத்தான் அன்றைக்கு மேலே பற்றி எரிந்ததும் தெரியும்.

அவள் மோரை ஊற்றினாள். அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை காத்திருந்தாள். வாய்க்கால் பக்கம் வாங்கண்ணே என்று கூப்பிட்டாள். மெஷின் சத்தத்தில் வீட்டுக்குக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.

"தூயமல்லி அன்னிக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்றான். குத்துமதிப்பாக என்றான். அவன் மெஷினைப் பார்த்தான், வாய்க்காலைப் பார்த்தான், செருப்பில் ஒட்டிய மண்ணை வரப்பில் தேய்த்தான்.

"கார்த்திகையிலயே பாத்துட்டேன்," என்றான் கடைசியில்.

கார்த்திகைக்கு அடுத்து மார்கழி. அவள் மனதில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை மறுபடி விரிந்தது. காபி ஞாபகம் வந்தது என்று அவன் சொன்னது, அப்பாவைக் காட்டிக் கேட்டது, மூன்று இரவுகளின் பெயரைச் சொன்னது எல்லாம் அதே வரிசையில் வந்தன. வரும்போது ஒவ்வொன்றும் வேறு முகத்தோடு வந்தது.

அவன் அவசரமாகப் பேச ஆரம்பித்திருந்தான். சித்திரையோடு ஒப்பந்தம் முடிகிறது. வெளிநாட்டில் ஒரு இடம் கிடைக்கும் போல இருக்கிறது, இந்த முடிவு வந்தால் கிடைத்துவிடும். பெட்டிக்குள் உண்மையாகவே கதிர் இருக்கிறது, கண்டுபிடிப்பு என்று அறிவிக்கத் தாண்ட வேண்டிய கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது, அவ்வளவுதான். இல்லாததை ஒன்றும் உண்டாக்கவில்லை.

"உனக்கு ஏன் சொல்லலேன்னா, நீ சுத்தமா இருக்கணும் சுடர். உன்னைய இதுல இழுக்கக் கூடாதுன்னுதான்."

"பனியக் காட்டுனீங்களே. அது நெசம்னு நெனச்சுத்தான் காட்டுனீங்களா?"

"இருக்கலாம்னு நெனச்சேன்."

"மலை உச்சியிலயா?" அவளுக்கே அப்போதுதான் முழுசாக விளங்கியது. பள்ளத்தில் இருக்கும் வயலில்தான் பனி தேங்கும். உச்சியில் குளிர்ந்த காற்று நிற்காது. சரிவில் வழிந்து இறங்கிவிடும். அதோடு கீழே படிவது எல்லாம் இறங்கிவிடும். மலையே இல்லாத ஊரில் பிறந்த ஒருத்திதான் ஒரு எரிமலையின் தலையில் குடவாசல் பனியைக் கொண்டுபோய்ப் போர்த்தியிருப்பாள். "குளுந்த காத்து எறங்கிடும்ல. அங்க எப்படிண்ணே கிடக்கும்?"

பொய் சொல்லக் களைத்துப் போனவன் போல இருந்தான்.

"வேற யாருகிட்டச் சொல்லியிருந்தாலும் இதத்தான் கேட்டிருப்பாங்க," என்றான். "நீ கேக்கல."

பெட்டியை எப்படித் திறந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் அவனே சொன்னான். ஒரு கோப்பு கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மேடம்தான் கடவுச்சொல்லைக் கொடுத்தார். பார்த்ததை மேடத்திடம் சொல்லிவிட்டான். மேடம் அதை அப்படியே விட்டுவிட்டார்.

போகும்போது அவன் காளியம்மாளிடம் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டுதான் போனான். புதுநெல் காயட்டும், அரிசி அனுப்பி வைக்கிறேன் தம்பி என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை சுடர்விழி முதல் பஸ்ஸைப் பிடித்து தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தாள். மேடத்தின் அறையை அப்போதுதான் கூட்டியிருந்தார்கள். பிரகதாம்பாள் மேடம் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. அந்தத் தீவின் கூட்டமைப்பில் இந்தத் துறைக்கு ஒரு நாற்காலி வாங்குவதற்குப் பாதி ஆயுளைக் கொடுத்தவர். சுடர்விழி சொன்னதை முழுதும் கேட்டார். மறுக்கவில்லை. அவன் பார்த்தது தப்புத்தான், கண்டித்தேன் என்றார். மூன்று இரவுகளின் திருத்தம் அதற்குப் பிறகு ஏறியது தனக்குத் தெரியும் என்றும் சொன்னார்.

"ஆனா நீ பார்க்கலையே சுடர்," என்றார். "உன் கண்ணு கட்டித்தானே இருந்துச்சு. திருத்தம் உன்னோடது. கீழ் அடுக்குல புழுதி இருக்கலாம்னு உனக்குப் பட்டுது, போட்ட. யாரு வந்து கேட்டாலும் நான் அதத்தான் சொல்லுவேன்."

"மலை உச்சியில இருக்காது மேடம்."

"இல்லேன்னு உன்னால நிரூபிக்க முடியுமா?"

முடியாது. மூன்று இரவிலும் வேறு சாட்சி இல்லை. அதனால்தான் அந்த மூன்றும்.

மேடம் எழுந்து வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையதுதான் என்றார். பிறகு, அன்பாகத்தான், இப்படிச் சொன்னார்: "உன்மேல எவனுக்கும் சந்தேகம் வராதும்மா. அதனாலதானே இந்த வேலையை உங்கிட்டக் கொடுத்தேன்."

இதே வார்த்தைகளை இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே அறையில் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தே போனாள், சந்தோஷத்தில் பஸ் பிடிக்கத் தோன்றாமல்.

வெளியே வந்து தன் மேசையில் உட்கார்ந்தாள். வழி ஒன்று இருந்தது. மூன்று இரவுகளையும் பழைய திருத்தத்துக்கே திருப்பிவிடுவது. பனிக்கு முந்தைய எண்கள். இரண்டு இரவுகளைத் திருப்பியும் விட்டாள். மூன்றாவதாக தூயமல்லியைத் திறந்தபோது கை நின்றுவிட்டது. இந்த இரவில்தான் மேலே பற்றி எரிந்தது என்று இப்போது அவளுக்குத் தெரியும். குறைத்தால் கதிர் கோட்டுக்குக் கீழே போகும் என்றும் தெரியும். அவன் ஏற்றுவதற்காக அவளைத் தொட வைத்தான். அவள் இறக்குவதற்காகத் தொடுகிறாள். ஒரு கோபத்தில் தொடுகிறோமா, கணக்குக்காகத் தொடுகிறோமா என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்த இரவுகளை இனி எப்படித் தொட்டாலும் அது பார்த்த கையாகத்தான் இருக்கும். இளஞ்செழியன் பெட்டியை மட்டும் திறக்கவில்லை. அவள் கண்கட்டையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதை மறுபடி கட்டிக்கொள்ள ஒரு வழியும் கிடையாது.

அவள் அழுதாள் என்று சொல்ல முடியாது. கண்ணில் நீர் வந்து நின்றது, திரை மங்கியது, துடைத்துக்கொண்டாள். திருப்பிய இரண்டையும் பழையபடி வைத்துவிட்டுக் கணினியை மூடினாள்.

கூட்டம் மதியத்துக்கு மேல் தொடங்கியது. சுவரில் பெரிய திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பல நாட்டு முகங்கள். மேசையின் இந்தப் பக்கம் மேடம், இளஞ்செழியன், சுடர்விழி. இளஞ்செழியன் அவளுக்குப் பக்கத்து நாற்காலியை விட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். தலைமை வகித்த பெண்மணி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். கேமரா சரியா, கண்ணாடி சரியா என்று கேட்டு, சரி சரி என்று பதில் வந்துகொண்டிருந்தது. காற்றுத் திருத்தம் முடிந்ததா என்று கேட்டபோது, மேடம் தலையைக் குனிந்து மேசையைப் பார்த்தார்.

சுடர்விழி ஆங்கிலத்தில் பேசினாள். நிறைய ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் போய், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சின்னச் சின்ன வாக்கியங்களாக வந்தன. திருத்தம் முடியவில்லை என்றாள். மூன்று இரவுகளின் திருத்தத்தை நான் மாற்றினேன், மாற்றச் சொன்னவர் பெட்டியைப் பார்த்திருந்தார் என்றாள். அதை அறியாமல்தான் மாற்றினேன், ஆனால் நான் சேர்த்த கீழ் அடுக்கு தவறு, அப்படி ஒரு அடுக்கு அந்த மலையில் இருக்க நியாயமில்லை என்றாள். இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது, அதனால் என் எண்கள் எதையும் பயன்படுத்த வேண்டாம் என்றாள். பார்த்தது யார் என்று தலைமை வகித்தவர் கேட்டார். அவள் பேசுவதற்குள் இளஞ்செழியன் தன் ஒலிவாங்கியைப் போட்டு, நான் என்றான். மேடத்தின் பெயரை அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. மேடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

முடிவு சுருக்கமாக வந்தது. எல்லா இரவுகளுக்கும் புதிதாகக் குறியெண் போட்டுக் கலைக்க வேண்டும். இதுவரை எதையும் கேள்விப்படாத ஒருவர் முதலிலிருந்து திருத்தத்தைச் செய்ய வேண்டும். அவரிடம் காரணத்தைச் சொல்லக் கூடாது, எந்தக் குறிப்பும் கொடுக்கக் கூடாது. இளஞ்செழியனை எல்லாத் தரவுகளிலிருந்தும் விலக்கினார்கள். அவன் அன்றைக்கே தன் மேசையைக் காலி செய்தான். கதவருகில் அவளைக் கடக்கும்போது நின்றான்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம் சுடர்," என்றான்.

அவன் குரலில் உண்மையான மனவருத்தம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

புதிதாகச் செய்ய ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். இர்ஃபானா. திருவிடைமருதூர்க்காரி. பிரசவ விடுப்பில் ஆறேழு மாதம் இந்தப் பக்கமே தலைகாட்டாதவள். சுடர்விழியும் அவளும் ஒரே நாளில் துறையில் சேர்ந்தவர்கள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். அவள் விடுப்பு முடிந்து மாசியில் வந்தபோது மேசைமேல் அந்த வேலை காத்திருந்தது. அதை ஒப்படைக்க வேண்டியவள் சுடர்விழி. லேசரின் குணம், கருவியின் கோளாறுகள், கணக்குப் போடும் முறை ஆகியவற்றை மட்டும் சொல்லலாம் என்று அனுமதித்திருந்தார்கள்.

"மாமியா கையில புள்ளையக் கொடுத்துட்டு பஸ்ஸு ஏறி ஓடியாறேன்," என்றாள் இர்ஃபானா. "வந்ததும் வராததுமா ரெண்டு வருச மூட்டையத் தூக்கி என் தலையில வச்சிட்டியே, நல்லா இருப்பியா நீ?"

சுடர்விழி சிரிக்க முயன்றாள்.

"எதுக்குடி விட்டே? இளஞ்செழியன் சாரையும் காணோம். யாரக் கேட்டாலும் வாயில கொழுக்கட்ட."

"சொல்லக் கூடாது."

"என்கிட்டயுமா?"

"உங்கிட்டதான் சொல்லக் கூடாது."

இர்ஃபானாவின் முகத்திலிருந்து விளையாட்டு மெதுவாகப் போயிற்று. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். சுடர்விழி முறையாக எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். லேசர் சூடாக எவ்வளவு நேரம் பிடிக்கும், மேகத்தையும் புழுதியையும் எப்படிப் பிரிப்பது, தன் மூக்கருகில் இருப்பது லேசருக்குத் தெரியாது என்பதுவரை சொன்னாள். அந்த இடத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மலை உச்சியில் கீழ் அடுக்கு கிடையாது, ஏமாந்து போகாதே என்று ஒரு வாக்கியம். சரியான வாக்கியம். அதையும் சொல்லக் கூடாது. அவள் வாயிலிருந்து வருகிற சரியானதுகூட இனி ஒரு கைகாட்டல்தான். விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

எல்லாம் முடிந்ததும் இர்ஃபானா பேனாவை மூடினாள். கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள். ஒரு வேலையை வாங்கிக்கொள்கிற எவரும் கேட்பதுதான்.

"இதுல எந்த ராத்திரியாச்சும் சிக்கலா இருக்கா? ரெண்டு வாட்டி பாக்கணும்னு இருந்தா இப்பவே சொல்லிரு."

"எல்லாத்தையும் ஒண்ணாட்டம் பாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"நீ இப்படி இருந்ததே இல்லையேடி," என்றாள் இர்ஃபானா. "என்மேல அவ்ளோ நம்பிக்கை இல்லாமப் போச்சா?"

சுடர்விழிக்குப் பதில் இருந்தது. அதைச் சொன்னால் இர்ஃபானாவின் கண்கட்டு கொஞ்சம் நெகிழும். எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். விதிப்படி இனி அந்த அறையில் அவள் இருக்கக் கூடாது. இர்ஃபானா திரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அதுவும் விதிதான், ஆனால் தேவைக்கு மேல் வேகமாகத் திருப்பினாள்.

"போகையில கதவச் சாத்திட்டுப் போ," என்றாள், திரும்பாமல்.

ஐப்பசி மழையில் உப்பிப்போன கதவு அது. மெதுவாக இழுத்தாள், சட்டத்தில் சிக்கி நின்றது. மறுபடி இழுத்தாள், வரவில்லை. பிறகு இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக இழுத்தபோது பெரிய சத்தத்தோடு சாத்திக்கொண்டது. உள்ளே இருந்தவளுக்கு அது கோபத்தில் அறைந்தது போலத்தான் கேட்டிருக்கும். திறந்து அப்படி இல்லை என்று சொல்லலாமா என்று சுடர்விழி ஒரு கணம் நின்றாள். பிறகு படி இறங்கினாள்.